ஹீட்டட் ஜாக்கெட் ரெடி... உங்க பைக் ரெடியா? குளிர் பயணத்துக்கு ஒரு கரன்ட் கணக்கு

மணாலியிலிருந்து லே செல்லும் மலைச்சாலை. சர்ச்சுவில் கூடாரத்தில் இரவைக் கழித்துவிட்டு அதிகாலையில் கிளம்புகிறார் ஒரு ரைடர். உடம்பில் ஹீட்டட் ஜாக்கெட், கையில் ஹீட்டட் கிளவுஸ், ஹேண்டில்பாரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் போன், முன்னால் இரண்டு எக்ஸ்ட்ரா லைட். எல்லாமே பைக்கிலிருந்துதான் கரன்ட் எடுக்கின்றன. ஒரு மணி நேரம் சுகமான பயணம். வழியில் பாறை சரிந்து, வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. இன்ஜினை அணைக்கிறார். பாதை திறந்ததும் செல்ஃப் பட்டனை அழுத்தினால், 'டிக்... டிக்' என்று சத்தம் மட்டும்தான் வருகிறது. மீட்டர் ஒருமுறை மின்னி அணைகிறது. வண்டி ஸ்டார்ட் ஆகலை.

கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கு மேலே, மெக்கானிக் கடை கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடையாது. இதுவரை கதகதப்பாக வைத்திருந்த ஜாக்கெட்டும் இனி வேலை செய்யாது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால், நடப்பதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது. லடாக், ஸ்பிட்டி என்று பைக்கிலேயே கிளம்பும் தமிழ்நாட்டு இளைஞர்கள், ஜாக்கெட் விலையையும் சைஸையும் பார்ப்பதற்கு முன்பு பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஜாக்கெட் கேட்கும் கரன்ட்டை உங்கள் பைக்கால் கொடுக்க முடியுமா?

குளிர் தாங்கிக்கொள்ளலாமே, ஜாக்கெட் எதற்கு?

தாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பதில்தான் ஆபத்து. பைக்கில் போகும்போது காற்று உடம்புச் சூட்டை வேகமாக இழுத்துச் செல்லும். அமெரிக்க, கனடா வானிலைத் துறைகள் 2001 முதல் பயன்படுத்தும் குளிர்காற்றுச் சூத்திரத்தின்படி, வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது மணிக்கு 60 கி.மீ. வேகக் காற்று பட்டால், திறந்திருக்கும் தோலுக்கு அது கிட்டத்தட்ட மைனஸ் 9 டிகிரி போல இருக்கும்.

உடம்பு குளிரும்போது, இதயம், நுரையீரல் போன்ற உள்ளுறுப்புகளைக் காப்பாற்றுவதற்காக விரல்களுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையும். முதலில் மரத்துப்போவது விரல்தான். பிரேக்கும் கிளட்ச்சும் விரலில்தான் இருக்கின்றன. மரத்துப்போன கையால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. நடுக்கம் வந்துவிட்டால் கவனமும் சிதறும். அதனால் ஹீட்டட் கியர் என்பது சொகுசுப் பொருள் இல்லை. மலைப் பயணத்தில் அது ஒரு பாதுகாப்புக் கருவி. அதே கருவி வண்டியையே நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் விஷயம்.

பைக்கில் கரன்ட் எங்கிருந்து வருகிறது?

'பேட்டரியிலிருந்து' என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் இன்ஜின் ஓடும்போது கரன்ட்டைத் தயாரிப்பது ஸ்டேட்டர். நம்ம ஊர் மெக்கானிக்குகள் 'மேக்னட் காயில்' என்று சொல்வது இதைத்தான். இன்ஜினோடு சேர்ந்து காந்தம் சுற்ற, காயிலில் மின்சாரம் உண்டாகும். ரெகுலேட்டர் அதை நேர்மின்னோட்டமாக மாற்றி, சுமார் 14 வோல்ட்டில் கட்டுப்படுத்தி அனுப்பும்.

மாதச் சம்பளக் கணக்காக யோசித்தால் எளிது. ஸ்டேட்டர் தருவது சம்பளம். ஹெட்லைட், பெட்ரோல் பம்ப், இக்னிஷன் எல்லாம் கட்டியே ஆக வேண்டிய வாடகை, இ.எம்.ஐ. மிச்சம் இருந்தால்தான் ஹீட்டட் ஜாக்கெட். பேட்டரி? அது சேமிப்புக் கணக்கு. இன்ஜினை ஸ்டார்ட் செய்ய ஒருமுறை எடுப்போம். பிறகு ஸ்டேட்டர் அதை நிரப்பிவிடும். சம்பளத்தைத் தாண்டிச் செலவு செய்தால் சேமிப்பு கரையும். கரைந்து முடியும்போதுதான் 'டிக், டிக்' சத்தம்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்தச் சம்பளம் நிலையானது இல்லை. கம்பெனி சொல்லும் வாட் கணக்கு பெரும்பாலும் 5,000 ஆர்.பி.எம். போன்ற உயர் சுழற்சியில் எடுக்கப்பட்டது. ஐடிலில் நிற்கும்போதும், மலையில் மெதுவாக ஊர்ந்து ஏறும்போதும் வருமானம் கணிசமாகக் குறைந்துவிடும். ஜாக்கெட்டின் செலவோ அப்படியே இருக்கும்.

புது பைக்குகளில் கட்டாயச் செலவு ஏன் அதிகம்?

பழைய கார்புரேட்டர் புல்லட்டில் ஹெட்லைட்டை அணைத்து வைக்கலாம், கிக்கரை உதைத்து ஸ்டார்ட் செய்யலாம். இப்போது நிலைமை வேறு. 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பரவலாகிவிட்டது. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், அவற்றை இயக்கும் கம்ப்யூட்டர் என எல்லாமே கரன்ட்டை நம்பி இருக்கின்றன. அதனால்தான் பேட்டரி அடியோடு காலியானால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கஷ்டம். சக்கரம் சுற்றினாலும் பெட்ரோலை அனுப்ப பம்ப்பில் உயிர் இருக்காது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

கணக்கு ரொம்ப எளிது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். உதாரணத்துக்கு, 5,000 ஆர்.பி.எம்.மில் 220 வாட் தரும் ஒரு நடுத்தர பைக்கை எடுத்துக்கொள்வோம். அதே பைக் 3,000 ஆர்.பி.எம்.மில் 170 வாட், ஐடிலில் 120 வாட் தருவதாக வைத்துக்கொள்வோம். உங்கள் பைக்கின் உண்மையான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

கட்டாயச் செலவு, தோராயமாக:

• ஹாலஜன் ஹெட்லைட்: 60 வாட்
• பெட்ரோல் பம்ப், கம்ப்யூட்டர், இக்னிஷன்: 60 வாட்
• டெயில் லைட், மீட்டர் போன்றவை: 15 வாட்
• மொத்தம்: 135 வாட்

விருப்பச் செலவு, இதுவும் தோராயம்தான்:

• ஹீட்டட் ஜாக்கெட்: 80 வாட்
• ஹீட்டட் கிளவுஸ், ஒரு ஜோடி: 25 வாட்
• எக்ஸ்ட்ரா லைட், இரண்டு: 40 வாட்
• போன் சார்ஜர்: 15 வாட்
• மொத்தம்: 160 வாட்

இரண்டையும் கூட்டினால் 295 வாட். நல்ல வேகத்தில் போனாலும் வருமானம் 220தான். 75 வாட் துண்டு விழுகிறது. அதாவது, பேட்டரியிலிருந்து சுமார் 6 ஆம்பியர் போய்க்கொண்டே இருக்கும். மலையேற்றத்தில் 3,000 ஆர்.பி.எம்.மில் போனால் பற்றாக்குறை 125 வாட். சுமார் 10 ஆம்பியர்.

பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது? சென்னையில் தயாரான ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கின் பேட்டரி 8 ஆம்பியர்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு 0 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். மிச்சம் 6.4 ஆம்பியர்-மணி. நல்ல வேகத்தில் ஒரு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். மலையேற்றத்தில் 40 நிமிடம்கூட வராது. அதற்கு முன்பே, செல்ஃப் மோட்டாரைச் சுற்றும் அளவுக்குத் தெம்பு போயிருக்கும். குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டியாகிவிடுவதால் செல்ஃப் மோட்டாருக்கு வழக்கத்தைவிட அதிக பலம் வேறு தேவைப்படும். பேட்டரி பலவீனமாக இருக்கும் நேரம் பார்த்து, அதிகம் கேட்கும் வேலையும் வந்து சேர்கிறது.

பெரிய டூரிங் பைக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. பி.எம்.டபிள்யூ ஆர் 1250 ஜி.எஸ். பைக்கின் ஆல்டர்னேட்டர் 510 வாட் தரக்கூடியது. வெளிநாட்டு ரைடர்கள் தலை முதல் கால்வரை ஹீட்டிங் மாட்டிக்கொண்டு போகும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அப்படியே செய்தால் நம்ம ஊர் பைக்குகள் திணறுவது இதனால்தான். விரலுக்கேற்ற வீக்கம்தான் வேண்டும்.

அப்போ ஜாக்கெட்டே போடக் கூடாதா?

போடலாம். எதை, எப்போது, எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். அதே 220 வாட் பைக்கில் கட்டாயச் செலவு போக நல்ல வேகத்தில் 85 வாட் மிச்சம். பகலில் எக்ஸ்ட்ரா லைட் தேவையில்லை. போனைப் பவர்பேங்கில் மாட்டிவிடலாம். கிளவுஸுக்கு 25 வாட். ஜாக்கெட்டை 40 சதவீதத்தில் வைத்தால் சராசரியாக 32 வாட். மொத்தம் 57 வாட். பேட்டரியை நிரப்பவும் 28 வாட் மிஞ்சுகிறது.

ஜாக்கெட்டை 40 சதவீதத்தில் வைக்க ஹீட் கன்ட்ரோலர் என்ற சின்னக் கருவி உதவும். வீட்டு ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி திருகினால் போதும்; கரன்ட்டை விட்டுவிட்டுக் கொடுத்து சராசரியைக் குறைக்கும். 'ஆன், ஆஃப்' என்று இரண்டே நிலை இருக்கும் ஜாக்கெட்டில் இந்த வசதி இல்லை. சின்ன பைக் வைத்திருப்பவர்கள் ஜாக்கெட்டோடு கன்ட்ரோலருக்கும் சேர்த்து பட்ஜெட் போடுவது நல்லது.

வாங்கும்போது பெட்டியில் உள்ள வாட் எந்த வோல்ட்டுக்குச் சொன்னது என்றும் பாருங்கள். 12 வோல்ட்டில் 72 வாட் எடுக்கும் ஜாக்கெட், பைக் ஓடும்போது வரும் 14 வோல்ட்டில் 98 வாட் எடுக்கும். 26 வாட் வித்தியாசம் என்பது ஒரு ஜோடி கிளவுஸ்.

மலையேறும்போது இன்னொரு வழியும் உண்டு. ஒரு கியர் குறைத்து ஓட்டினால் ஆர்.பி.எம். கூடும், ஸ்டேட்டரின் வருமானமும் கூடும். கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

பேட்டரி இறங்குவதை எப்படித் தெரிந்துகொள்வது?

ஹேண்டில்பாரில் ஒரு சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டர் பொருத்திக்கொள்ளுங்கள். ஜாக்கெட்டின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. லெட்-ஆசிட் பேட்டரி உள்ள பைக்கில், இன்ஜின் ஓடும்போது இப்படிப் படிக்கலாம்:

• 13.5 முதல் 14.5 வோல்ட்: வருமானம் செலவைவிட அதிகம். கவலை வேண்டாம்.
• 13 வோல்ட் பக்கத்தில்: வரவும் செலவும் சமம். ஜாக்கெட்டைக் குறையுங்கள்.
• 12.7 வோல்ட்டுக்குக் கீழே: சேமிப்பு கரைகிறது. தேவையில்லாத எல்லாவற்றையும் அணையுங்கள்.

ஐடிலில் சில விநாடி இறங்கினால் பயப்பட வேண்டாம். ஓடும்போதும் கீழேயே நின்றால்தான் பிரச்சினை. லித்தியம் பேட்டரி மாற்றியிருந்தால் இந்த எண்கள் பொருந்தாது. அது ஓய்விலேயே 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும். தயாரிப்பாளர் கொடுத்த அட்டவணையைப் பாருங்கள்.

இந்தச் சோதனையை லடாக்கில் போய்ச் செய்யக் கூடாது. வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். சென்னை வெயிலில் ஹீட்டட் ஜாக்கெட்டைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். ஜாக்கெட்டை மடிக்காமல் விரித்து வையுங்கள். மடித்தால் ஒரே இடத்தில் சூடு சேரும். இன்ஜின் சூடானதும் 3,000 ஆர்.பி.எம்.மில் பிடித்து, ஒவ்வொன்றாக ஆன் செய்து வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கூட்டணியில் 13-க்குக் கீழே போகிறதோ, அதுதான் உங்கள் பைக்கின் எல்லை.

வயரிங்கில் என்ன கவனிக்க வேண்டும்?

ஹார்ன் வயரையோ ஹெட்லைட் வயரையோ சீவி, முறுக்கி, டேப் சுற்றி இணைப்பு எடுக்கவே கூடாது. அந்த வயர்கள் இந்தச் சுமைக்காகப் போடப்பட்டவை அல்ல. சூடாகி உருகினால், நடுவழியில் ஹெட்லைட்டும் சேர்ந்து போகும்.

சரியான வழி, பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர். பாசிட்டிவ் முனைக்கு மிக அருகிலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஜாக்கெட்டும் கிளவுஸும் சேர்ந்து 105 வாட் என்றால் சுமார் 8 ஆம்பியர். 10 ஆம்பியர் ஃப்யூஸ் பொருந்தும். ஃப்யூஸ் அடிக்கடி போனால் பெரிய ஃப்யூஸ் போடுவது தீர்வு ஆகாது. எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். கன்ட்ரோலரில் பாதியாகக் குறைத்தாலும், ஆன் ஆகும் நொடியில் முழுக் கரன்ட் பாயும் என்பதால் வயரும் ஃப்யூஸும் முழுச் சுமைக்கே இருக்க வேண்டும்.

இடையில் ஒரு ரிலே வைத்து அதைச் சாவியோடு இணைத்துவிட்டால், சாவியை எடுத்ததும் ஹீட்டிங்கும் தானாக நின்றுவிடும். முதலில் சொன்ன காட்சியில், இன்ஜினை அணைத்த பிறகும் ஜாக்கெட் எரிந்துகொண்டே இருந்திருந்தால், முழு பேட்டரியில்கூடப் பாதி அரை மணி நேரத்தில் போயிருக்கும். ரிலே இருந்திருந்தால் அந்த அரை மணி நேரம் பேட்டரிக்கு ஓய்வு.

புது பைக் என்றால் வயரில் கை வைப்பதற்கு முன்பு வாரன்ட்டி விதிகளையும் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

பலருக்கும் வரும் மூன்று சந்தேகங்கள்

*பெரிய பேட்டரி போட்டால் சரியாகிவிடுமா?* சேமிப்புக் கணக்கு பெரிதாகும், சம்பளம் கூடாது. காலியாக இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அதை மறுபடி நிரப்புவதும் அதே ஸ்டேட்டர்தான்.

*ஹீட்டிங் போட்டால் ஸ்டேட்டர் எரிந்துவிடுமா?* பல பைக்குகளில் இருப்பது ஷன்ட் வகை ரெகுலேட்டர். அதில் ஸ்டேட்டர் எப்போதுமே கிட்டத்தட்ட முழுசாகத்தான் வேலை செய்யும். மிச்சமாகும் மின்சாரம் வெப்பமாக வீணாகும். ஆகவே, எல்லைக்குள் ஜாக்கெட்டை ஓட்டினால், வீணாகப் போகும் சூட்டை உங்கள் உடம்புக்குத் திருப்பிவிடுகிறீர்கள். எல்லையைத் தாண்டினால் அடி வாங்குவது பேட்டரி.

*ஹெட்லைட்டை எல்.இ.டி. பல்பாக மாற்றி மிச்சம் பிடிக்கலாமா?* 30 வாட் வரை மிச்சமாகலாம். ஆனால், ஹாலஜனுக்காக வடிவமைத்த ஹெட்லைட்டில் மலிவான எல்.இ.டி. பல்பைப் போட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசும். கம்பெனி பொருத்திய ஹெட்லைட்டை மாற்றுவது சட்டச் சிக்கலையும் கொண்டுவரலாம். முதலில் எக்ஸ்ட்ரா லைட்டை அணையுங்கள். அதிலேயே 40 வாட் கிடைக்கிறது.

கரன்ட் இல்லாமலே குளிரைக் குறைக்க முடியுமா?

முடியும். அதுதான் முதல் வேலையும்கூட. கைக்கு முன்னால் ஹேண்ட் கார்டு, நெஞ்சுக்கு முன்னால் விண்ட்ஷீல்டு, காற்றுப் புகாத வெளி ஜாக்கெட், கழுத்துக்கு ஒரு பஃப். காற்றைத் தடுத்துவிட்டால் ஜாக்கெட்டைப் பாதி அளவில் வைத்தாலே போதும். உடம்பின் நடுப்பகுதி சூடாக இருந்தால் விரல்களுக்கும் ரத்தம் ஓடும்.

பைக்கை நம்பாத வழியும் இருக்கிறது. லித்தியம் பேட்டரியோடு வரும் கிளவுஸ், பவர்பேங்கில் ஓடும் வெஸ்ட் போன்றவை. 5 வோல்ட், 2 ஆம்பியர் வெஸ்ட் என்றால் 10 வாட்தான். 12 வோல்ட் ஜாக்கெட்டின் சூட்டை எதிர்பார்க்க முடியாது. 10,000 எம்.ஏ.ஹெச். பவர்பேங்க்கில் சுமார் 37 வாட்-மணி இருக்கும். மூன்று மணி நேரம் ஓடும். குளிரில் லித்தியமும் சோர்ந்துபோகும் என்பதால் பவர்பேங்க்கை உள்பாக்கெட்டில் வையுங்கள். 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யாதீர்கள்.

கிளம்பும் நாளில் இந்த வரிசையை மறக்காதீங்க

• ஹீட்டிங் எல்லாம் ஆஃப் நிலையில் இருக்கும்போதே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள்.
• ஐந்து நிமிடம் ஓடி, வோல்ட் 13.5-ஐத் தாண்டிய பிறகு ஆன் செய்யுங்கள்.
• ஜாக்கெட்டை வெறும் தோலின் மேல் போடாதீர்கள். உள்ளே மெல்லிய பனியனாவது இருக்கட்டும். மிதமான சூடும் நீண்ட நேரம் பட்டால் தோலைச் சுடும்.
• டிராஃபிக்கில் ஐடிலில் நிற்கும்போது ஹீட்டிங்கை அணையுங்கள்.
• தங்கும் இடம் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே அணைத்துவிடுங்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் ஆவதற்கான சேமிப்பு அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஏறும்.
• குழுவில் ஒருவரிடமாவது ஜம்ப் ஸ்டார்ட்டர் இருக்கட்டும்.

வோல்ட் இறங்கினால் எதை முதலில் அணைப்பது? எக்ஸ்ட்ரா லைட், போன் சார்ஜர், பிறகு ஜாக்கெட்டைக் குறைப்பது, கடைசியாகக் கிளவுஸ். 25 வாட்டில் பிரேக் பிடிக்கும் விரலைக் காப்பாற்றும் கிளவுஸை முடிந்தவரை விட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகு உடம்பு நடுங்க ஆரம்பித்தால், விரல் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால், வண்டியை நிறுத்திவிடுங்கள். வழியில் ஒரு தாபாவோ கூடாரமோ இருந்தால் உள்ளே போய் உட்காருங்கள். ஒரு சூடான டீயும் அரை மணி நேர ஓய்வும் எந்த பேட்டரியிலிருந்தும் கரன்ட் எடுப்பதில்லை.